கொடியும் போர்க்கப்பலும் சட்டத்துக்குள்: வெள்ளவத்தையில் ஓர் அச்சுப்படக் கடை

கொழும்பின் காலி வீதியிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒன்றில், தையற்கடைக்கும் கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கும் நடுவே, புகழ்பெற்ற ஓவியங்களைப் பெரிய அளவில் அச்சிட்டுச் சட்டமிட்டுத் தரும் சிறிய கடையொன்று இருக்கிறது. சாமிப் படங்களுக்கும் கல்யாணப் படங்களுக்கும் சட்டம் போடுவதே அதன் அன்றாடப் பிழைப்பு. ஆனாலும் பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தினம் நெருங்கும்போது, கொடிகளும் போர்க்கப்பல்களும் இடம்பெறும் ஐரோப்பிய, அமெரிக்க ஓவியங்களைத் திரட்டி, ‘நாட்டுப் பெருமை’ என்ற தலைப்பில் தனி வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள். எங்கள் அலுவலக வரவேற்பறைக்கும் என் வீட்டுக்குமாகச் சில படங்களை அங்கே செய்வித்தேன். அச்சின் தரத்தை நம்பிப் பணம் கொடுக்கலாம். ஆனால் படத்தை எங்கே வெட்டுவது, நிறத்தை எவ்வளவு கூட்டுவது என்பவற்றை அவர்களுடைய விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்பதே என் முடிவு. அதற்கான காரணங்கள் பெரும்பாலும் கொடிகளோடு தொடர்புடையவை.

கடலோவியத்தில் கொடி பிடிக்கும் இடம் மிகச் சிறியது. ஆறடி அகலமான படத்தில்கூட அது விரல் நகமளவே இருக்கும். ஆயினும் யாருடைய கப்பல், எந்தப் படைப்பிரிவு, தளபதி கப்பலில் இருக்கிறாரா, கப்பல் சரணடைந்துவிட்டதா என்பவற்றையெல்லாம் சொல்வது அதுதான். இவ்வகை ஓவியங்களை வாங்கியவர்கள் அரசர்களும் கடற்படைத் தளபதிகளும் ஆகையால், கொடியில் நேரும் பிழையை அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. பிரித்தானிய மன்னர் நான்காம் ஜோர்ஜ் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆங்கில ஓவியர் டர்னர் 1820களில் வரைந்த டிரஃபல்கார் கடற்போர்க் காட்சி, இன்று கிரீனிச்சில் இருக்கிறது, 2.6 மீற்றர் உயரமும் 3.7 மீற்றர் அகலமும் கொண்ட அதுவே அவருடைய ஓவியங்களுள் மிகப் பெரியது. போரின் வெவ்வேறு நேரங்களில் நடந்தவற்றை ஒரே காட்சிக்குள் அவர் அடைத்துவிட்டார் என்று கடற்படையினர் குறைசொன்னார்கள். பிரித்தானியத் தளபதி நெல்சன் போர் தொடங்குமுன் அனுப்பிய புகழ்பெற்ற செய்தியின் கடைசிச் சொல்லைக் குறிக்கும் சமிக்ஞைக் கொடிகள், போர் உச்சத்தில் இருக்கும் நேரத்திலும் பாய்மரத்தில் பறந்துகொண்டிருக்கின்றன. அந்தச் சொல்லின் பொருள் ‘கடமை’. இத்தகைய ஓவியத்தின் பிரதியில் கொடி மங்கினால் மீதமிருப்பது மேகமும் புகையும் மட்டுமே.

இந்தக் கடையில் அதிகம் விற்பனையாவதும் டர்னருடைய ஓவியமே. ‘டெமரேர்’ என்ற போர்க்கப்பல் உடைக்கப்படுவதற்காக இழுத்துச் செல்லப்படும் காட்சி அது. 98 பீரங்கிகளைக் கொண்டிருந்த அந்தக் கப்பல், 1805 ஒக்டோபர் 21ஆம் திகதி டிரஃபல்காரில் நெல்சனின் கப்பலுக்குத் துணையாக நின்று போரிட்டது. 1838 செப்டெம்பரில் அதைத் தேம்ஸ் ஆற்றின் வழியாக ரொதர்ஹித் என்னும் இடத்திலிருந்த கப்பல் உடைக்கும் களத்துக்கு இழுத்துச் சென்றார்கள். உண்மையில் அதற்கு முன்பே பாய்மரங்கள் கழற்றப்பட்டிருந்தன; இழுத்துச் சென்ற நீராவிப் படகுகளும் இரண்டு. டர்னரோ பாய்மரங்களைக் கப்பலுக்குத் திருப்பிக் கொடுத்து, உடலை வெண்ணிறமும் வெளிர்பொன்னிறமுமாக ஆக்கி, ஒரேயொரு கரிய நீராவிப் படகை முன்னே நிறுத்தினார். 1839இல் இந்த ஓவியம் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அக்காலத்தில் எல்லோரும் அறிந்திருந்த ஒரு நாட்டுப்பற்றுப் பாடலின் அடியை மாற்றி, போரையும் காற்றையும் எதிர்த்து நின்ற கொடி இனி இந்தக் கப்பலுக்கு உரியதல்ல என்று பொருள்படும் வரிகளை அவர் அட்டவணையில் சேர்த்திருந்தார். படத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்த வரிகளின் கருத்து விளங்கும். பெரிய கப்பலில் எந்தக் கொடியும் இல்லை. நீராவிப் படகின் கம்பத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கொடி பறக்கிறது. கடற்படை விற்றுவிட்டதால் தேசியக் கொடியைப் பறக்கவிடும் உரிமையைக் கப்பல் இழந்துவிட்டது. நாட்டுப் பெருமைக்கு எடுத்துக்காட்டாக உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் இந்த ஓவியத்தில், அந்த நாட்டின் கொடி பறக்கவில்லை என்பதுதான் ஓவியர் வைத்த பொருளே.

கடையில் மாதிரியாகத் தொங்கவிடப்பட்டிருந்த பிரதியில் அந்த வெள்ளைக் கொடியைக் காணவில்லை. அந்திச் சூரியனின் செம்மஞ்சள் நிறத்தை அளவுக்கு மீறிக் கூட்டியிருந்ததால், கொடி இருந்த இடம் வானத்தோடு கலந்துவிட்டது. கேட்டபோது, “சேர், படத்துக்குக் கொஞ்சம் உயிர் குடுத்திருக்கிறம்” என்றார் கணினியில் வேலை செய்யும் இளைஞர். அவர் சொன்னதில் தவறில்லை. வாடிக்கையாளர் பெரும்பாலானோர் பளிச்சென்ற மாலைவானத்தைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் மூல ஓவியத்தில் நிறங்கள் அப்படிக் கத்துவதில்லை. வலப்பக்கம் எரியும் மாலைவெயிலுக்கு எதிராக இடப்பக்கத்தில் நீலமும் சாம்பலும் கலந்த அமைதியும், அதற்கு மேலே மெல்லிய பிறையும் இருக்கின்றன. நிறத்தைக் கூட்டாத கோப்பிலிருந்து ஒரு சாண் அகலத்துக்கு மாதிரித் துண்டொன்று அச்சிட்டுத் தரும்படி கேட்டேன். தயங்காமல் செய்து தந்தார்கள். அதில் கொடியும் பிறையும் திரும்பி வந்தன. கப்பலுடலின் வெளிர்நிறமும் சரியாக இருந்தது. இறுதிப் பிரதி அந்தத் துண்டோடு வேறுபாடின்றிப் பொருந்தியது. இதற்காக மேலதிகக் கட்டணம் வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வெட்டும் சிக்கலும் இந்தப் படத்திலேயே தொடங்கியது. மூல ஓவியம் 90.7 சென்ரிமீற்றர் உயரமும் 121.6 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. கடையின் வழக்கமான சட்டமோ 24க்கு 36 அங்குலம். இரண்டுக்கும் விகிதம் பொருந்தாததால், சட்டத்தை நிரப்ப வேண்டுமானால் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்க வேண்டும். மாதிரிப் பிரதியில் கீழ்ப்பக்கத்தை வெட்டியிருந்ததால், வலது மூலையிலுள்ள கரிய மிதவை விளிம்போடு ஒட்டிக்கொண்டு ஏதோ கறைபோலத் தெரிந்தது. வெள்ளை ஓரம் விட்டு முழுப் படத்தையும் அச்சிடும்படி கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் வெட்டிவிடுகிறார்கள்.

வெள்ளவத்தையில் ஒரு தமிழ்க் குடும்பம் தன் வரவேற்பறையில் எந்தக் கொடியைத் தொங்கவிடுவது என்பது ஓவியத்தோடு மட்டும் முடிகிற கேள்வியல்ல. நம்மில் பலர் கொடி என்றாலே ஒரு கணம் தயங்குகிறவர்கள். அதற்கான காரணங்களை இங்கே விளக்கத் தேவையில்லை. படங்களைத் தெரிவுசெய்ய என்னோடு கடைக்கு வந்திருந்த பெரியப்பா, ஒவ்வொன்றின் முன்னும் நின்று “இது எந்த நாட்டுக் கொடி?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் “கப்பல் நல்லாத்தான் இருக்கு தம்பி, கொடிதான் வேண்டாம்” என்று தீர்ப்புச் சொன்னார். டெமரேர் எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அலுவலகத்துக்கு எடுத்தது, பிரெஞ்சு ஓவியர் மொனே 1878இல் வரைந்த மொன்தோர்கை வீதி. பாரிஸில் அவ்வாண்டு நடந்த உலகக் கண்காட்சியோடு சேர்த்து, சமாதானத்துக்கும் உழைப்புக்குமான விழாவாக ஜூன் 30ஆம் திகதி கொண்டாடப்பட்டது. மேலிருந்து ஒரு மாடத்தில் நின்று பார்க்கும் கோணத்தில், வீதி முழுவதும் மூவண்ணக் கொடிகள் அடித்துக்கொள்கின்றன. இந்த ஓவியத்தைப் பார்க்கும் எவரும் ஜூலை 14ஆம் திகதித் தேசிய விழா என்றே நினைப்பார்கள். கடையின் விளக்கச் சீட்டிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். ஜூலை 14 தேசிய விழாவானது 1880இல்தான். சீட்டைத் திருத்துவது பெரிய வேலையல்ல, திருத்தலாம். பிரதியைப் பொறுத்தவரை இந்த வரிசையிலேயே மிகச் சிறப்பாக வந்திருப்பது இதுவே. கொடிகள் இங்கே துணியாக வரையப்படவில்லை. சிவப்பும் நீலமும் வெள்ளையுமான விரைந்த தீற்றல்கள்தாம். அச்சில் பொதுவாகச் சிவப்புத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மலிவான இயந்திரங்களில் அது செங்கல் நிறமாகவோ நாவற்பழ நிறமாகவோ இறங்கிவிடும். இங்கே தீற்றல் ஒவ்வொன்றின் விளிம்பும் தெளிவாகவும், சிவப்பு சிவப்பாகவும் இருக்கிறது. கீழே கரும்புள்ளிகளாக நகரும் மக்கள் கூட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகவில்லை.

இதற்கு இணையாக, அதே நாளில் அதே நகரத்தில் மனே என்ற மற்றொரு பிரெஞ்சு ஓவியர் தன் பணியறைச் சாளரத்தின் வழியே பார்த்து வரைந்த மொஸ்னியே வீதியையும் கடையில் வைத்திருக்கிறார்கள். இங்குதான் அவர்கள் செய்திருப்பதை மன்னிக்க முடியவில்லை. மனேயின் ஓவியம் கிடையானது. அகலம் 80, உயரம் 65.4 சென்ரிமீற்றர். மொனேயினது நிலைக்குத்தானது. இரண்டையும் சோடியாக விற்க வேண்டும் என்பதற்காக, மனேயின் படத்தை அகலத்தில் ஏறக்குறைய பாதியாக வெட்டி, நிலைக்குத்துச் சட்டத்துக்குள் பொருத்தியிருக்கிறார்கள். அந்த வெட்டில் போனது எது தெரியுமா? படத்தின் இடப்பக்கத்தில், நமக்கு முதுகைக் காட்டியபடி, கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து போகும் ஒற்றைக்கால் மனிதர். 1870இல் பிரஷ்யாவோடு தொடங்கிய போரும், அதைத் தொடர்ந்து பாரிஸில் ஓடிய இரத்தமும் முடிந்து அப்போது பத்தாண்டுகூட ஆகவில்லை. கொடிகள் பறக்கும் விழா வீதியில் அவரை மனே நடக்கவிட்டது தற்செயலானதல்ல. அவரை நீக்கிவிட்டு மீதியை ‘நாட்டுப் பெருமை’ என்று விற்பது, ஓவியர் சொல்லவந்ததை மாற்றிச் சொல்வதாகும். ஓவியத்தை வைத்திருக்கும் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் இதன் உயர்தரப் படத்தை எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கிறது. ஆகவே முழுப் படம் கையில் இல்லை என்ற சமாதானமும் செல்லாது. நான் இதைச் சுட்டிக்காட்டியபோது கடை உரிமையாளர் படத்தைக் கணினியில் திறந்து, அந்த மனிதரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவரை நாங்கள் கவனிக்கவேயில்லை” என்று ஒப்புக்கொண்டார். முழுப் படத்தை விரும்பினால் கிடையாகவே அச்சிட்டுத் தருவதாகவும் சொன்னார்.

போர்க்கப்பல் ஓவியங்களில் ஒல்லாந்தரை விட்டால் வரிசை நிறைவடையாது. வில்லெம் வான் டெ வெல்டெயின் ‘பீரங்கிச் சூடு’, அம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் இலவசக் கோப்பிலிருந்து அச்சிடப்பட்டிருக்கிறது. 1680ஆம் ஆண்டளவில் வரையப்பட்டதாகக் கருதப்படும் அந்த ஓவியத்தில், காற்றில்லாத கடலில் பாய்கள் தளர்ந்து தொங்க, பெரிய கப்பலொன்று குண்டு முழக்குகிறது. வெண்புகை நீர்மீது பரவும் விதம் இந்தப் பிரதியில் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் இதை ஒல்லாந்துப் பெருமையின் சின்னம் என்று விளக்கச் சீட்டில் எழுதியவர், ஓவியரின் வாழ்க்கையைச் சற்றுப் புரட்டிப் பார்த்திருக்கலாம். இவருடைய தந்தை சிறு படகொன்றில் ஒல்லாந்துக் கப்பற்படையோடு போர்க்களத்துக்கே சென்று காட்சிகளைக் கோட்டோவியமாக எடுத்தவர். தாயகம் போரில் நொடிந்திருந்த 1672-73 குளிர்காலத்தில் தந்தையும் மகனும் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். நேற்றுவரை எதிரியாயிருந்த இரண்டாம் சார்ள்ஸ் மன்னர், 1674இல் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 பவுண் சம்பளம் கொடுத்து, கடற்போர்களை வரையும் பணியில் அவர்களை அமர்த்தினார். வயிற்றுப்பாட்டுக்காகப் புலம்பெயர்ந்து, போன இடத்தின் பெருமையையும் வரைந்து, விட்டுவந்த இடத்தின் கப்பலையும் மறக்காத கைகள் அவை. நம்மவர்களுக்கு இந்த நிலை புதிதல்ல.

தவிரவும், கொழும்பில் இந்தப் படத்தைப் பார்ப்பதற்கும் அம்ஸ்டர்டாமில் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தவர்கள் இப்படிப்பட்ட கப்பல்களில் வந்தவர்களே. 1796வரை இந்தக் கரையோரம் அவர்களிடம் இருந்தது. கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்து வைத்தியசாலைக் கட்டடத்தில் இன்று உணவகங்கள் நடக்கின்றன. அங்கே இந்தப் படத்தைத் தொங்கவிட்டால் பொருத்தமாக இருக்கும். ஒரு வெள்ளவத்தை வீட்டில், பார்ப்பவருக்கு இரண்டு வரி விளக்கம் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம். டெலக்ருவா 1830இல் வரைந்த, மூவண்ணக் கொடியேந்தி மக்களை வழிநடத்தும் சுதந்திரத் தேவியின் பிரதியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். கடையிலிருப்பது பழைய கோப்பு. மேலே படிந்து மஞ்சளித்திருந்த வார்னிஷ் படலங்களை லூவர் அருங்காட்சியகம் நீக்கி, 2024இல் ஓவியத்தை மறுபடி காட்சிக்கு வைத்தது. வெண்மையும் நீலமும் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. கடைப் பிரதியிலோ கொடியின் வெள்ளைப் பட்டை தேநீர் சிந்திய நிறத்தில் இருக்கிறது. அமெரிக்க ஓவியர் சைல்ட் ஹாசம் 1916 முதல் 1919 வரை நியூயோர்க் வீதிகளில் வரைந்த கொடி ஓவியங்களில், நேச நாடுகளின் கொடிகள் சேர்ந்து பறக்கும் 1917 மே மாதக் காட்சி கிடைக்கிறது. அச்சு நேர்த்தி, படம் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை.

உள்ளூர் விருப்பத்துக்கென்று கடை சேர்த்திருக்கும் ஒரேயொரு படம், புலிக்கொடி பறக்கும் சோழர் போர்க்கப்பல். கணினியில் உருவாக்கிய இந்தப் படத்துக்குத்தான் தமிழ் வாடிக்கையாளரிடம் கிராக்கி அதிகம் என்றார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் கப்பலின் பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கித் துளைகள் இருக்கின்றன! இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு 1025இல் நடந்தது; கப்பலின் விலாவில் துளையிட்டுப் பீரங்கி வைக்கும் வழக்கம் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. பின்புறமும் அப்படியே ஐரோப்பியக் கப்பலினது. ‘அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி’ என்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது; அந்தக் கலங்கள் எப்படி இருந்தன என்பதைக் காட்டும் சமகால ஓவியம் எதுவும் நம்மிடம் இல்லை. தமிழ் மரபில் கப்பற்கொடியைப் படமாக்க விரும்பும் ஓவியருக்குப் பட்டினப்பாலையில் போதிய பொருள் இருக்கிறது. கட்டுத்தறியை அசைக்கும் யானைபோலப் புகார்த் துறையில் அசையும் நாவாய்களின் கூம்பில் பறக்கும் கொடியை அது சொல்கிறது. அதே மூச்சில் வாதுக்கு அழைக்கும் அறிஞர்களின் கொடியையும் கள்ளுக்கடைக் கொடியையும் சொல்கிறது. அப்படியொரு துறைமுகக் காட்சியை நல்ல ஓவியர் ஒருவரைக் கொண்டு வரைவித்து விற்றால், முதல் பிரதியை நானே வாங்குவேன்.

இனி, சட்டமும் கடதாசியும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்பவர்களுக்குப் படத்தைவிட இவைதாம் நீண்ட காலத் தலைவலி. உப்புக்காற்றும் ஈரப்பதனும் சேர்ந்து சாதாரண அலுமினியச் சட்டத்தைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். மரத்தூள் பலகையைப் பின்னால் வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே ஊதிப் படத்தை வளைத்துவிடும். இந்தக் கடையில் தேக்குச் சட்டமும், அமிலமற்ற மவுண்ட் அட்டையும் கேட்டுப் பெறலாம். அச்சுக்கும் கண்ணாடிக்கும் இடையே சிறு இடைவெளி விட்டுப் பொருத்துவதைப் பார்த்தபோது, வேலை தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கை வந்தது. இடைவெளி இல்லாவிட்டால் ஈரம் கோத்துக் கடதாசி கண்ணாடியில் ஒட்டிவிடும். பிறகு பிரித்தெடுக்க முடியாது. சாய மையல்லாமல் நிறமி மையைக் கொண்டு அச்சிடுகிறார்கள், அதனால் நிறம் சீக்கிரம் வெளிறாது. ஆயினும் வெள்ளவத்தையின் கடல் பார்த்த தொடர்மாடி வீடுகளில் மாலைவெயில் நேரே சுவரில் விழுவதால், மேற்குச் சாளரத்துக்கு எதிர்ச்சுவரில் எந்தப் பிரதியையும் மாட்டாதிருப்பதே நல்லது. கன்வஸ் துணியில் அச்சிடுவதற்கும் வசதி உண்டு; கொடியின் சிறு விவரங்கள் துணியின் இழையில் தொலைந்துவிடுவதால், இந்த வகைப் படங்களுக்குக் கடதாசியையே பரிந்துரைப்பேன்.

சட்டத்தின் விலை அச்சின் விலையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. தேக்கு வேண்டாமென்றால் கணிசமாகக் குறையும். சுதந்திர தினத்தை ஒட்டிய நாட்களில் வேலை குவிவதால், சொன்ன திகதியில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல், அதற்கு முன்போ பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பின்போ கொடுப்பது உசிதம். முற்பணமாகப் பாதித் தொகை வாங்குகிறார்கள், பற்றுச்சீட்டும் தருகிறார்கள். அதில் ‘முழுப்படம், வெள்ளை ஓரம், நிறம் கூட்ட வேண்டாம்’ என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னவை முன்மேசையிலிருந்து அச்சு இயந்திரம் வரை போய்ச் சேருவதில்லை. 36 அங்குலப் படத்தைக் கண்ணாடியோடு ஓட்டோவில் கொண்டுபோக முடியாது. கடையே வாகனம் பிடித்துத் தெகிவளையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை வீட்டில் இறக்கித் தருகிறது. அதற்கான கட்டணம் தனி.